லத்தீஃபா கேட்ட சோதனை

லத்தீஃபாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டாள்; மனசுக்குள் பூட்டி வைப்பாள். மலேசியாவின் கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டிப் பிழைப்பவள். பெண்கள் கால்பந்துக் குழுவைத் திடலுக்கு ஏற்றிப்போய் இறக்குவதும் அவள்தான். குழுவின் கோல் கீப்பர் அவளுடைய ஒரே மகள் ஹனீன். அந்தப் பிள்ளைதான் இப்போது ஜன்னலை மூடிக்கொண்டு இருட்டில் படுத்துக் கிடக்கிறாள். இரண்டு வரி படித்தால் தலை சுற்றுகிறது.

பந்தைப் பிடிக்கப் பாய்ந்தவள் கோல் கம்பத்தில் தலையை மோதிக்கொண்டாள். கோச் கமலநாதன் அவளைக் கணினி முன் உட்கார வைத்தார். காட்டிய படங்களை நினைவில் வைத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். சீசன் தொடங்கும் முன்பே எல்லாரும் ஒரு தடவை செய்திருப்பார்கள். தலையில் அடி பட்டால் மறுபடி செய்யவைத்து, பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள்; குறைந்திருந்தால் ஆட விடக்கூடாது. ஹனீனுக்கு மதிப்பெண் குறையவில்லை. அடுத்த ஆட்டத்திலேயே இறக்கினார். யாருடைய முழங்காலோ மறுபடி தலையில் இடித்தது.

நியாயம் கேட்கப் போன லத்தீஃபாவுக்குக் கிடைத்தது அவமானம். பிள்ளை நன்றாக இருப்பதாகக் கணினியே சொல்கிறது, பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறது என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அதைக் கேட்டுத்தான் ஹனீன் வாயைத் திறந்தாள்.

“சீசனுக்கு முந்தி, முதல் தடவ செய்யறப்ப, வேணும்னே மெதுவா அழுத்தச் சொன்னாரு கோச், உம்மா. ரொம்பத் தப்பாப் போட்டா மெஷின் கண்டுபிடிச்சிருமாம். கொஞ்சமா மறந்த மாதிரி செஞ்சா, பின்னால அடி பட்டாலும் வெளிய உக்கார வேண்டியதில்லையாம். எல்லாருமே அப்படித்தான் செஞ்சோம்.”

லத்தீஃபா கணக்குப் போட்டாள். புகார் எழுதிப் போட்டால் அது எங்கோ தூங்கும். அவரை நம்புகிறவர்கள் முன்னால் அந்த ஆள் கூனிக் குறுக வேண்டும், அதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். எப்படி என்று சொன்னதும், வேதனையோடு வேதனையாக ஹனீனும் சரி என்றாள்.

புது சீசனுக்கான பெற்றோர் கூட்டம். தாய்மார்களையும் பிள்ளைகளையும் லத்தீஃபாவே வேனில் அள்ளிக்கொண்டு வந்தாள். கமலநாதன் கணினியின் பெருமையை அளந்து முடித்ததும் அவள் எழுந்து, என் பிள்ளையை இங்கேயே சோதியுங்கள் என்றாள். தன் பேச்சுத்தான் ஜெயிக்கும் என்று அவருக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

கண்ணைச் சுருக்கிக்கொண்டே ஹனீன் முடித்தாள். மதிப்பெண் குறையவில்லை. “பாத்தீங்களா லா,” என்று அவர் சிரிக்கும்போதே அந்தப் பிள்ளை குப்பைத்தொட்டியைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தது.

“இவளையே நல்லா இருக்குன்னு சொல்ற மெஷின், உங்க பிள்ளைங்கள என்ன சொல்லும்?” என்றாள் லத்தீஃபா. “முதல் தடவ எப்படிச் செஞ்சாங்கன்னு அவங்ககிட்டயே கேளுங்க.”

முன் வரிசையில் இருந்த கமலநாதனின் மனைவி, அதே குழுவில் ஆடும் தன் மகளைப் பார்த்து, நீயுமா என்றாள். அந்தப் பெண் அப்பாவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

“போன மாசம் தலைல பந்து பட்டுச்சில்ல, அதுலேர்ந்து வலி நிக்கவே இல்லம்மா. பாஸ்னு வந்துச்சு, அதான் சொல்லல.”

கமலநாதன் முகம் வெளுத்துப்போனது. லத்தீஃபா கண்ணை எடுக்காமல் பார்த்தாள். துளிகூடப் பாவமாக இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுங்கள் அக்கா என்று அவர் மனைவி லத்தீஃபாவின் கையைப் பிடித்தாள். தாயையும் மகளையும் ஹனீன் பக்கத்தில் ஏற்றினாள் லத்தீஃபா. பின்னாலேயே ஓடிவந்த கமலநாதன் படியில் கால் வைத்தார்.

“இடமில்ல கோச்,” என்று கதவை இழுத்துச் சாத்தினாள். உள்ளே பாதி இருக்கைகள் காலியாகத்தான் கிடந்தன.