கொட்ட இருந்த ரோடு

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறதென்று ஊரே துள்ளிக்கொண்டிருந்த மாதத்தில் நாங்கள் காஜா பேராங் ரோட்டைப் பெயர்த்துப் போட்டிருந்தோம். ஊர்வலம் அந்த வழியாகத்தான் போகுமாம். ஆனால் வரவேண்டிய புதுத் தாரில் பாதிதான் வந்தது. எங்களை வேலை வாங்கும் மண்டோர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போது வாய் திறந்தவர் எங்களோடு கல் சுமந்த அக்கா. புருஷனை இழந்தவர், இரண்டு பிள்ளைகளை அந்தக் கூலியில்தான் வளர்த்தார். கால்வாய் ஓரம் குவிந்திருந்த பழைய ரோட்டுக் கட்டிகளைக் காட்டினார். புக்கிட் பாரு பக்கம் ஒரு பள்ளத்தில் கொட்டுவதற்காக வைத்திருந்தவை.

"அத ஏன் மண்டோரே கொட்டணும்? பாதிக்கு இன்னும் உயிர் இருக்கு. ஒடச்சு, சூடாக்கி, புதுத் தாரு கொஞ்சம் ஊத்துனா போதும்லா."

"பேந்து போச்சுன்னா ஒனக்கு இங்க வேல இல்ல, பாத்துக்க."

"சரி," என்றார் அக்கா.

உச்சி வெயிலில் கட்டிகளைப் பரப்பி, வெறுங்காலோடு மிதித்துக்கொண்டே போனார். குதிகாலில் லேசாக ஒட்டியது, தார் உயிரோடிருப்பது, ஒரு குவியல். பொலபொலவென்று உதிர்ந்தது, கொட்டுவதற்கு, இன்னொரு குவியல். பார்த்த எனக்கே கால் சுட்டது. இப்படியே மூன்று நாள்; ஒரு கட்டியைக்கூட அவர் மிதிக்காமல் விடவில்லை. அப்படி ஒரு உழைப்பாளியை நான் கண்டதில்லை.

தார் காய்ச்சுவது என் வேலை. ஒரு தட்டுப் பழசுக்கு ஒரு டின் புதுசு என்பது அக்காவின் கணக்கு. கலவையோ வறட்டுச் சோறு மாதிரி இருந்தது. அக்காவின் வேலை போய்விடக் கூடாதே என்று ரோட்டின் கடைசித் துண்டுக்கு மட்டும் யாருக்கும் தெரியாமல் இரண்டு டின் ஊற்றினேன். இத்தனை வருஷம் தார் காய்ச்சியவன் என்ற திமிர் வேறு.

மறுநாள் வெயிலில் ரோடு முழுக்கக் கல்லாக நிற்க, என் துண்டு மட்டும் இளகி, ஒரு மாட்டுவண்டிச் சக்கரம் புதைந்தது.

"குப்பையப் போட்டா குப்பைதான் வரும்! நாளைலேர்ந்து நீ வராத," என்று மண்டோர் அக்காவிடம் கத்தினார்.

அக்கா குனிந்து தாரை விரலால் தேய்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் தன் கல்கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எனக்கு வெட்கமாகப் போயிற்று.

"நான்தான் மண்டோரே. அக்கா சொன்னதுக்கு ரெண்டு பங்கு ஊத்திட்டேன்."

"அப்ப நீ கெளம்பு!"

"அவன் போனா தாரு யாரு காய்ச்சுறது?" என்று அக்கா குறுக்கே வந்தார். உதிர்ந்த கட்டிகளின் குவியலைக் காட்டினார். "அதுல எண்ணெ வத்திப் போச்சு, இதுல மிஞ்சிப் போச்சு. இதத் தோண்டி அதோட சேத்தா சரியாயிரும்."

எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் அது தோன்றியிருக்காது. மண்டோர் தலையாட்ட, நானே தோண்டினேன், நானே காய்ச்சினேன். ஒதுக்கிய குவியலும் ரோட்டுக்குள் போயிற்று. அடுத்த நாள் வெயிலுக்கு அந்தத் துண்டு அசையவில்லை. இனிமேல் பழைய கட்டியை அக்காவைக் கேட்காமல் யாரும் கொட்டக் கூடாதென்று மண்டோரே உத்தரவு போட்டார்.

அன்று வேலை முடிந்து கை கழுவும்போது கேட்டேன். "தெரிஞ்சும் ஏன்க்கா என்னக் காட்டிக் கொடுக்கல? ஒங்க வேலையில்ல போயிருக்கும்?"

"நான் எங்கயாச்சும் பாத்திரம் தேச்சுப் பொழச்சுக்குவேன். நெறமாசப் பொண்டாட்டிய வீட்டுல வச்சுக்கிட்டு நீ எங்கடா போவ?" என்றார் அக்கா.