நடவு வயலில் ஆள் தேடும் ட்ரோன்

‘எங்கள் ஆராய்ச்சி யாரையும் கொல்லாது’ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதியவள் நான்தான். டிவியில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த போரைப் பார்த்துப் பொறுக்கமாட்டாமல், தஞ்சாவூரில் எங்கள் பல்கலைக்கழக வாசலில் ஆராய்ச்சி மாணவர்கள் சிலர் கூடி நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆயுதக் கம்பெனிக்காக ஆராய்ச்சி செய்யாதே என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். என்னுடையது நெல் ஆராய்ச்சி, எனக்கென்ன என்ற தைரியம்தான்.

நடவு வயலின் மேல் ட்ரோனைப் பறக்கவிட்டு, எங்கே நாற்று விடுபட்டிருக்கிறது, எங்கே அழுகியிருக்கிறது என்று படத்தை வைத்துச் சொல்வது என் வேலை. பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊர் வயல்களில்தான் படம் எடுத்தேன். எந்தப் படத்தைத் திறந்தாலும் நட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் குறுக்கே நின்றார்கள். சேறு அப்பிய புடவை, தலையில் துண்டு, குனிந்த முதுகு. கம்ப்யூட்டர் அவர்களை வரப்பு என்றது, நாற்றுக்கட்டு என்றது. எரிச்சலாகிப்போய், ஆட்களைக் கண்டுபிடித்துப் படத்திலிருந்து அழிக்கிற ஒரு புரோகிராமை எழுதினேன். ஒவ்வொரு பெண்ணையும் சுற்றிக் கட்டம் போட்டுக் காட்டித்தான் அதைப் பழக்கினேன். முதல் கட்டம் அம்மாவுக்கு. எங்கள் தெருவில் நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறவள் அவள்தான்.

வாசலில் கத்திய மறுநாள் என் கைடு கூப்பிட்டனுப்பினார்.

“ப்ராஜெக்ட்டை நீட்டிக்க ஒரு கம்பெனி பணம் தருதும்மா. நாத்து வேண்டாமாம். அந்த ஆள் கண்டுபிடிக்கிற பகுதி மட்டும் போதுமாம். சேத்துல குனிஞ்சு கிடந்தாக்கூட விடமாட்டேங்குதுன்னு அசந்துட்டாங்க.”

அசந்தது யார் என்று கேட்டேன். ராணுவத் தளவாடம் செய்கிற ஒரு கம்பெனி.

“என் படங்களைத் தரமாட்டேன் சார்.”

“அது போன மாசமே அனுப்பியாச்சும்மா. இப்ப கேக்கிறது புதுப் படம். நீ எடுக்கலேன்னா இன்னொருத்தர் எடுப்பாங்க. உன் பட்டம்தான் தள்ளிப்போகும். யோசிச்சுச் சொல்லு.”

அவர் திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டீக்கடையில், வாசலில் என்னோடு அட்டை பிடித்து நின்ற நண்பனிடம் கொட்டித் தீர்த்தேன். “கத்தி செய்றவன் காய் நறுக்கத்தான் செய்றான். எவனோ குத்தினா அவன் என்ன பண்ணுவான்?” என்றான்.

“குத்தத்தான் வேணும்னு கேட்டு வர்றவனுக்கு விக்கலாமாடா?” என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. ஊருக்குப் போகும் பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்கார முடியாமல் நின்றுகொண்டே போனேன்.

லேப்டாப்பில் படத்தைக் காட்டியதும் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “ஏ, இது நான்ல! முதுகை வெச்சே கண்டுபிடிச்சிருச்சே!” என்று சித்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள். சித்தி போகும்வரை காத்திருந்து, சண்டையில் ஆளைத் தேடிக் கொல்வதற்கு இதைக் கேட்கிறார்கள் என்று சொன்னேன். அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சண்டை எங்கேயோ நடக்குது. அதுக்கு நீ ஏன் படிப்பைக் கெடுத்துக்கணும்? நான் இத்தனை வருசம் குனிஞ்சதெல்லாம் எதுக்கு?”

இருந்தாலும் மறுநாள் கைடிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். ப்ராஜெக்ட்டிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள், புதுத் தலைப்பு பிடித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்குப் போனால் சோற்றுத்தட்டை ணங்கென்று வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள்.

அடுத்த நடவின்போது அதே வயல்களுக்கு எனக்குப் பதிலாக எங்கள் ஜூனியர் பெண் ஒருத்தி ட்ரோனை எடுத்துப் போனாள். திரும்பி வந்தவள் நேரே என்னிடம்தான் வந்தாள்.

“அக்கா, உங்க அம்மாகிட்ட என்ன சொல்லி வெச்சீங்க?”

படங்களைக் காட்டினாள். தண்ணீர், நாற்று, வரப்பு. ஆளே இல்லை. ட்ரோன் சத்தம் கேட்டதும் அம்மா நாற்றுக்கட்டைப் போட்டுவிட்டுக் கரையேறி மரத்தடிக்குப் போய்விட்டாளாம். பின்னாலேயே எல்லாப் பெண்களும். ட்ரோன் இறங்கினால் வயலில் இறங்கினார்கள், பறந்தால் கரையேறினார்கள். வயல்காரர் கத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டார். இத்தனைக்கும், வரிசை வரப்பைத் தொடும்வரை ஒருத்தியையும் நிமிரவிடாதவள் அம்மா.

எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. உடனே ஃபோன் செய்தேன். அதிசயமாக எடுத்தாள்.

“ஏம்மா ஏறுனே?”

“உனக்காக ஒண்ணும் ஏறல. என்னை நம்பி வந்தவளுங்க. கூட்டிட்டுப் போனவ நான்ல?” என்றாள். பிறகு, “முன்னாடி எடுத்ததையெல்லாம் அழிச்சிட்டேல்ல?” என்று கேட்டாள்.

அதெல்லாம் எப்போதோ அந்தக் கம்பெனிக்குப் போய்விட்டது, என் கையில் இல்லை என்றேன்.

“அப்ப அவளுங்ககிட்ட நான் என்னடி சொல்லுவேன்?” என்றாள்.