ஜீப்புக்கு மூக்கு வைத்த மாரி

எங்கள் ஊரில் கல்யாணம் முடித்த பெண்பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். ஆகையால் எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குக் கல்யாணப் பேச்சு எழுந்தபோது எனக்குத் துளியும் கவலை இருக்கவில்லை. எங்கள் வீட்டு வளவின் பின்பக்கத்தில் அவளுக்கென்று ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. கல்யாணம் முடித்தாலும் கூப்பிட்ட குரலுக்கு ராத்தா இருப்பாள்.

என் கவலையெல்லாம் அவளுடைய ஏ.எல். சோதனையைப் பற்றித்தான். அதில் தேறினால் பட்டப் படிப்புக்குக் கம்பஸுக்குப் போவாள். கம்பஸ் மலைநாட்டுப் பக்கம், பஸ்ஸில் ஒரு பகல் முழுக்க ஓட வேண்டும் என்று சொன்னார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. ராத்தாவின் மேல் காலைப் போட்டுக்கொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது. மாப்பிள்ளை வந்தபிறகு எங்கே காலைப் போடுவாய் என்று உம்மா கேட்பார். அதையெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

இரண்டு பாடங்களை அவள் எழுதி முடித்திருந்தாள். கடைசிப் பாடத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. கிண்ணியாவில், அவள் சோதனை எழுதும் பாடசாலைப் பக்கம் வெள்ளமில்லை. சோதனை நடக்கும் என்று அறிவித்தும் விட்டார்கள். இடையில் வயல்களுக்கு நடுவே தாழ்வாகப் போகும் பாதையான தாம்போதிதான் தண்ணீருக்குள் போய்விட்டது. வயல் வேலிகளின் முட்கம்பி தண்ணீருக்கடியில் கிடந்ததால் தோணிக்காரர்களும் வர மறுத்துவிட்டார்கள்.

வாப்பாவிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. வயலுக்கு விதைநெல்லும் பசளையும் ஏற்றுகிற வண்டி. முந்தின வருட மாரி மழையில் அதே தாம்போதியில் இறங்கி, எஞ்சின் தண்ணீரைக் குடித்து, உள்ளே இரும்பெல்லாம் வளைந்து, நான்கு மாதம் மாமரத்தடியில் கோழிகளுக்கு வீடாகக் கிடந்தது. அதனால் வாப்பா தண்ணீரின் ஓரத்தில் நின்று கம்பால் ஆழம் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

அந்த நேரம் மாமா எங்கள் வீட்டில் இருந்தார். உம்மாவின் தம்பி. திருகோணமலையில் ஒரு கராஜில் வேலை செய்பவர், லீவுக்கு வந்து வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர். வாய் மட்டும் ஒரு நிமிடம் சும்மா இருக்காது.

“மச்சான், எஞ்சினும் மூச்சு விடுற சாமான்தான். இப்ப அதுட மூக்கு பொனட்டுக்குள்ள இருக்கு. அத கூரைக்கு மேல தூக்கி வெச்சிட்டா கழுத்தளவு தண்ணியிலயும் போகலாம்” என்றார்.

“கழுத்தளவு தண்ணியில போறதுக்கு என்ட புள்ள என்ன மீனா?” என்றார் உம்மா.

ஆனால் வாப்பா எழுந்துவிட்டார். ராத்தாவின் புது வீட்டுக் குளியலறைக்கென்று வாங்கிச் சாத்தி வைத்திருந்த பிவிசி குழாயை எடுத்து மரம் அறுக்கிற வாளால் அறுத்தார். உம்மா ஐயோ ஐயோ என்று பின்னாலேயே போனார். பொனட்டின் பக்கவாட்டில் மாமா ஒரு வட்டம் வெட்டினார். காற்றை வடிகட்டுகிற பெட்டியின் வாயில் லொறி டியூப் துண்டைச் செருகி, கிளிப் போட்டு இறுக்கி, அதிலிருந்து குழாயை வெளியே கொண்டுவந்து, கண்ணாடியின் ஓரமாகக் கூரைக்கு மேலே ஏற்றிக் கட்டினார்கள். மழை விழாதபடி வாயைப் பின்பக்கம் வளைத்துவிட்டார்கள். மழைத்தண்ணீர் இருவர் முதுகிலும் ஓடியது. ராத்தா உள்ளே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்தபோது, ஜீப்பின் தலையில் குசினிப் புகைக்கூடு முளைத்திருந்தது.

மறுநாள் பின்னேரம் சோதித்துப் பார்த்தார்கள். மாமா எஞ்சினை ஓட விட்டு, என்னைத் தூக்கிக் கூரையில் இருத்தினார்.

“புள்ள, ரெண்டு கையாலயும் இந்த வாய நல்லாப் பொத்து. மூச்சு முட்டி எஞ்சின் நிண்டா, நம்மட வேல சரி. நிக்காம ஓடினா எங்கயோ ஓட்ட இருக்கு. காத்துப் போற ஓட்டையால தண்ணியும் போகும். அப்ப நாளைக்கிப் போக ஏலாது.”

அவர் இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. உள்ளங்கைகளைக் குழாயின் வாயில் வைத்தேன். எஞ்சின் என் கைகளை உள்ளே இழுத்தது. அதன் சத்தம் தாழ்ந்து தாழ்ந்து வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பொத்தினால் ராத்தா போய்விடுவாள் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு பெருவிரலைக் கொஞ்சமாகத் தூக்கினேன். விர்ரென்று காற்று உள்ளே போனது. எஞ்சின் உயிர் வந்து ஓடத் தொடங்கியது.

“சரியாப் பொத்தினியா?”

“ஓம் மாமா.”

வல்லாஹி என்று சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். நல்லகாலம், கேட்கவில்லை. மாமா கிளிப்புகளை எல்லாம் கழற்றி, டியூபை மாற்றி, பசை பூசி மறுபடி ஓட விட்டார். நானும் மறுபடி விரலைத் தூக்கினேன். மூன்றாம் தரம் மாமா சுத்தியலைச் சேற்றில் எறிந்தார்.

வாப்பா பொனட்டில் கையை ஊன்றினார். பிறகு, “சரி, விடு. அடுத்த வருசம் எடுக்கட்டும். வீடும் முடிஞ்சிரும்” என்றார். மூன்று தரம் தோற்றவருக்கு அவ்வளவு சாந்தமான குரல் எங்கிருந்து வந்ததோ. ராத்தா வாசலுக்கு வந்து நின்றாள். அழவில்லை. உள்ளே போய், பேனைகளைப் பெட்டியில் போட்டு மூடினாள். அந்தச் சத்தம் வெளியே கேட்டது. நான் வென்றுவிட்டேன். ஆனால் கீழே இறங்க மனம் வரவில்லை.

வாப்பா அஸர் தொழப் போனார். வழக்கத்தைவிடக் கனநேரம் தொழுகைப் பாயில் இருந்தார். வந்தவர் நேரே ஜீப்பிடம் போய் எஞ்சினைக் கிளப்பினார்.

“மூத்த மகள், நீ வந்து ஏறு” என்றார்.

ராத்தா பாவாடையைச் செருகிக்கொண்டு ஏறினாள். என்னைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு இரண்டு கையாலும் பொத்தினாள். எஞ்சின் இரண்டு தரம் இருமியது, வண்டி குலுங்கியது, பட்டென்று நின்றது. மாமா சேற்றில் குதித்து ஆடினார். ஆடி முடித்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“என்ட கை சின்னக் கை” என்றேன்.

“ஓம், அது சின்னக் கைதான்” என்றார் வாப்பா.

விடிந்ததும் புறப்பட்டோம். வண்டி மிதக்காமல் இருக்கப் பின்னால் பாரம் வேண்டும் என்று மாமா நெல் மூட்டைகளை ஏற்றினார். நான் அழுத அழுகையில், இவளும் ஒரு அரை மூட்டை இருப்பாள் என்று என்னையும் ஏற்றிவிட்டார். கம்பால் ஆழம் பார்த்தபடி அவர் முன்னே நடந்தார். வாப்பா பிஸ்மி சொல்லி ஜீப்பைத் தண்ணீரில் இறக்கினார். தண்ணீர் கதவிடுக்கால் உள்ளே வந்து என் முழங்காலைத் தொட்டது. லைட்டுகள் மூழ்கின. பொனட்டின் மேல் ஒரு சருகு மிதந்து போனதைப் பார்த்தேன். ராத்தா சோதனை அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றித் தலைக்கு மேலே பிடித்திருந்தாள். தலைக்கு மேலே குழாய் உஸ் உஸ்ஸென்று மூச்சு இழுத்தது. எஞ்சின் நிற்கவேயில்லை. அக்கரையில் ஏறியபோது ராத்தா என் கன்னத்தைக் கடித்துவிட்டாள்.

பாடசாலை வாசலில் இறங்கியவள் திரும்பிப் பாராமல் உள்ளே ஓடினாள். மாமா ஜீப்பைத் துடைக்கத் தொடங்கினார். வாப்பா என்னை எதிரேயிருந்த தேநீர்க் கடைக்குக் கூட்டிப்போய் ஆளுக்கு ஒரு பணிஸ் சொன்னார். நான் பாதி தின்றிருப்பேன்.

“நேத்து நீ கைய எடுத்தாய், என்ன?”

இனி மறைத்துப் பயனில்லை. “ஓம் வாப்பா” என்றேன். கடையில் ஆட்கள் இருப்பதால் அடி வீட்டில்தான் விழும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அவர் அடிப்பவரைப் போல இருக்கவில்லை. தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்து எஞ்சின் நிக்காம ஓடின நேரம், அல்லாஹ் அறிய, எனக்குச் சந்தோசமா இருந்திச்சி மகள்” என்றார். சொல்லிவிட்டு முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எஞ்சின் நிற்காவிட்டால் ராத்தா சோதனைக்குப் போக ஏலாது. அதில் இவருக்கு என்ன சந்தோசம்? இரண்டு நாள் மழையில் நனைந்து அந்தக் குழாயைப் பூட்டியவரே இவர்தானே. பெரியவர்களுடைய கதைக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அடி விழவில்லை, அதுவே போதும். அவர் தொடாமல் வைத்திருந்த பணிஸையும் எடுத்துத் தின்றேன்.