கண்ணாடி பாட்டிலில் மரப்பாச்சி

எனக்குப் பாட்டு வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கே.கே. நகரில் நான் வளர்ந்த வீட்டில் யாரும் யாரையும் பாடத் தெரியுமா என்று கேட்டதில்லை. காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு மயிலாப்பூருக்கு வந்த முதல் நவராத்திரியிலேயே கேட்டுவிட்டார்கள். கூடம் நிறையப் பெண்கள், நடுவில் புதுப்பெண்ணாக நான். என் கணவரின் அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒரு பாட்டு பாடேன்" என்றார். வராது என்றேன். "ஏன், கே.கே. நகர்ல பாட்டெல்லாம் சொல்லித்தர மாட்டாளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் வருஷா வருஷம் அதே கேள்வி, அதே சிரிப்பு. சுண்டல் மாதிரி அதுவும் கொலுவில் ஒரு அயிட்டமாகிவிட்டது.

குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் பழைய வீடு அது. கீழே நாத்தனார் குடும்பம், மாடியில் நாங்கள். கொலு வைப்பது கீழ்க்கூடத்தில். ஆனால் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுவது மாடியில், எங்கள் ஹாலில். அது என் கணவரின் வேலை. கல்லூரியில் கணக்குச் சொல்லித்தருகிற மனிதர், ஆடி முடிந்ததும் பரணிலிருந்து பெட்டிகளை இறக்கி, தரையில் பேப்பர் விரித்து உட்கார்ந்துவிடுவார். முதலில் உப்புத்தாளால் பழைய வண்ணத்தைத் தேய்த்து எடுப்பார். பிறகு அவர் அப்பா காலத்து பெயிண்ட் டப்பாக்களை ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பித் திறப்பார். "இந்த மஞ்சள் இப்போ கடையில கிடைக்கவே கிடைக்காது" என்று பெருமைப்படுவார். எங்கள் மகள் அவர் மடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். மடி அலுத்துப்போனால் இறங்கி அந்தத் தூளிலேயே தவழ்வாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது, போட்டோகூட எடுத்து வைத்திருக்கிறேன்.

மரப்பாச்சி என்பது ஆண், பெண் என்று ஜோடியாக வரும் மரப் பொம்மை. அது இல்லாமல் கொலு கிடையாது. மற்ற பொம்மைகள் மாதிரி இதற்கு வண்ணம் கிடையாது, வெறும் மரம், மேலே துணி சுற்றுவார்கள். பல் முளைக்கிற குழந்தைக்கு அதைக் கடிக்கக் கொடுப்பது இந்த வீட்டு வழக்கம். நல்ல மரம், கடித்தால் உடம்புக்கு நல்லது என்பார்கள். மகளுக்கு இரண்டு வயதாகும் வருஷம், அவளுக்குச் சிவப்பு பிடிக்கும் என்பதற்காக, என் கணவர் பெண் மரப்பாச்சிக்குச் சிவப்பில் பாவாடையும் மஞ்சளில் கரையும் பூசினார். நவராத்திரி முடிந்து மற்ற பொம்மைகள் பரணுக்குப் போயின. அந்த ஒன்றை மட்டும் மகள் விடவில்லை. சோறு ஊட்டும்போதும் தூங்கும்போதும் அது கையிலோ வாயிலோ இருக்கும். வழக்கம்தானே என்று விட்டுவிட்டோம்.

பொங்கல் கழிந்ததும் அவளுக்கு வயிற்றுவலி ஆரம்பித்தது. சாப்பிட மாட்டாள், மலம் போகாமல் அழுவாள், சுவரைச் சுரண்டித் தின்பாள். முகம் வெளுத்துப்போனது. அதையெல்லாம்விட என்னை உலுக்கியது வேறு. "அம்மா பால் வேணும்" என்று கோர்வையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், பங்குனி வாக்கில் "பா" என்று மட்டும் சொல்லிக் கையை நீட்டினாள். வந்த பேச்சு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு தாய்க்கு இதைவிடப் பயம் எதுவும் இருக்க முடியாது.

அடையாறில் ஒரு குழந்தை டாக்டரிடம் போனோம். ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொன்னார். இருந்தது. இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை என்று சொல்லும்படி ஒரு அளவே கிடையாது, அதிலும் இது அதிகம் என்றார். பிறகு கேட்டார்:

"வீட்டுல பெயிண்ட் வேலை ஏதாவது நடந்துதாம்மா?"

இல்லை என்று நானும் கணவரும் ஒரே குரலில் சொன்னோம். பொய் இல்லை. பெயிண்ட் வேலை என்றால் எங்களுக்கு ஏணி, வாளி, கூலிக்கு வரும் ஆள். ஒரு அப்பா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பொம்மைக்குப் பாவாடை பூசுவது பூஜையோடு சேர்ந்த விஷயம். அதை யார் வேலை என்று நினைப்பார்கள்?

வேறு ஏதாவது உண்டா என்றார் டாக்டர். நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். என் ஆபீஸ் ஈக்காட்டுத்தாங்கலில். பக்கத்திலேயே பழைய பேட்டரியைப் பிரித்து ஈயம் எடுக்கும் பட்டறை ஒன்று உண்டு. அந்தச் சுவரோரம்தான் ஸ்கூட்டரை நிறுத்துவேன். இதைச் சொன்னேன். அதுவாகவும் இருக்கலாம், ஆபீஸ் துணியோடு குழந்தையைத் தூக்காதீர்கள் என்றார் டாக்டர். அவர் சொன்னது சரியான எச்சரிக்கை. வீட்டுக்கு வந்ததும் அது தீர்ப்பாகிவிட்டது.

"வேலைக்குப் போறேன்னு போய் அந்தத் தூசியையெல்லாம் சுமந்துண்டு வந்து குழந்தை மேல அப்பியிருக்கே" என்றார் நாத்தனார். "நம்மாத்துக் குழந்தைக்கு இப்படி ஒண்ணு வந்ததே கிடையாது. வேலையை விட்டுடு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் பயம் வந்தவளுக்கு வீம்பு பிடிக்கத் தெம்பு இருக்காது. நீண்ட விடுப்பு எடுத்தேன். ஆபீஸ் துணிகளை மூட்டை கட்டி மொட்டைமாடியில் போட்டேன். ஈக்காட்டுத்தாங்கல் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. வீட்டிலேயே, அவள் கூடவே, அவள் மரப்பாச்சியைக் கடித்துக்கொண்டிருக்க, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சோதனையில் ஈயம் கூடியிருந்தது.

அன்றைக்குத்தான் எனக்குப் பழைய கோபம் திரும்பி வந்தது. நான் வெளியே போகாதபோது எப்படிக் கூடும்? டாக்டரிடம், "எங்க எல்லாருக்கும் ரத்தம் எடுங்க" என்றேன். நாத்தனார் மறுத்துவிட்டார். நானும் கணவரும் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து டாக்டரே போன் செய்தார். பேட்டரிப் பட்டறைக்குப் பக்கத்தில் வேலை செய்கிற எனக்குப் பெயருக்குத்தான் இருந்தது. கணக்கு வாத்தியாருக்கு எக்கச்சக்கம்.

"உங்க வீட்டுக்காரர் வீட்டுல கையால என்ன வேலை செய்வார்?" என்றார் டாக்டர்.

ஒன்றும் செய்ய மாட்டார், டம்ளரைக்கூட நகர்த்த மாட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். எதிரே தரையில் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் வாயில் மரப்பாச்சி. கடைவாயில் சிவப்பாகத் துளி செதில் ஒட்டியிருந்தது.

போனைப் போட்டுவிட்டுப் போய்ப் பிடுங்கினேன். பாவாடை முழுக்கச் சின்னச் சின்னப் பல் தடம். இடுப்புப் பக்கம் வண்ணம் சுத்தமாகப் போய் மரம் தெரிந்தது. போன வண்ணமெல்லாம் அவள் வயிற்றுக்குள். எதைப் பிடுங்கியபோதும் அவள் அப்படி அழுததில்லை. சமையலறையில் இருந்த பெரிய கண்ணாடி பாட்டிலில் பொம்மையைப் போட்டு மூடியை இறுக்கினேன்.

சாயங்காலம் வந்த கணவர் பாட்டிலைப் பார்த்தார். நான் சொன்னதைக் கேட்டார். பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "நான்தான் குடுத்தேன், இல்லியா?" என்றார். ஆமாம் என்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு அப்போது மனசு வரவில்லை. பிறகு ஒருநாள் வந்தது, சொன்னேன். அதற்குள் அவரே தினமும் காலையில் ஈரத்துணியால் தரை, ஜன்னல், கட்டில் அடி என்று துடைக்க ஆரம்பித்திருந்தார். பெயிண்ட் டப்பாக்களை எங்கே போடுவது என்று விசாரித்தேன். குப்பை வண்டியில் போட்டுவிடுங்கள் என்று சர்வ சாதாரணமாகச் சொன்னார்கள். அதை யார் வீட்டுப் பிள்ளை பொறுக்கி விளையாடுவதற்கு? ஒரு டிரம்மில் போட்டு மூடி மாடியிலேயே வைத்திருக்கிறேன். எங்கே போடலாம் என்று எனக்குப் பதில் சொல்லும் வரை அங்கேயே இருக்கும்.

நாத்தனாரிடம் போய், இனி இந்தப் பொம்மைகளை எடுக்கக் கூடாது, கூடம் நிறையக் குழந்தைகள் வருகிறார்கள் என்றேன்.

"இதே பொம்மையோடதான் நாங்க எல்லாரும் வளர்ந்தோம். எங்களுக்கு என்ன ஆயிடுத்து?"

"என்ன ஆச்சுன்னு யாராவது ரத்தம் எடுத்துப் பாத்தீங்களாக்கா?"

அதற்குப்பிறகு அவர் என்னோடு பேசவில்லை. நானும் போய் வழியவில்லை. விடுப்பை ரத்து செய்துவிட்டு ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தேன். ஸ்கூட்டரை மட்டும் தள்ளி நிறுத்தினேன்.

புரட்டாசி வந்தது. மாட வீதியில் பொம்மைக் கடைகள் முளைத்தன. மகளுக்காக மாடியில் தனியாக வண்ணமில்லாத பொம்மைகள் வைக்கலாம் என்று போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாக்கா, கலர் இல்லாத பொம்மைய வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறே?"

"நீங்க அடிக்கிற பெயிண்ட்ல ஈயம் இருக்கா?"

"அதுல இன்னா கீதுன்னு எனக்கு எப்டிக்கா தெரியும்? டப்பாவைத் தொறந்தா கலர் கீது, அவ்ளோதான்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கணக்கு வாத்தியாருக்கே தெரியவில்லை. சுட்ட மண்ணில் ஒரு யானையும் இரண்டு கிளிகளும் வாங்கிவந்தேன்.

கீழே கொலு வைத்துவிட்டார்கள். பூச ஆளில்லாததால் போன வருஷத்து வண்ணம், அங்கங்கே உரிந்துகொண்டு. பொம்மை எடுக்கக் கூடாது என்று நான் சொன்னது காற்றோடு போயிற்று. ஆனால் ஒரு குறை இருந்தது. கொலுவுக்குப் பெண் மரப்பாச்சி இல்லை. நாத்தனார் பேசாவிரதத்தை முறித்துக்கொண்டு மாடிப்படியில் நின்று, "அந்த மரப்பாச்சியைக் கொண்டு வந்து வை. அது இல்லாம ஆகாது" என்றார்.

கொண்டுபோனேன். கூடம் நிறைந்திருந்தது. பட்டுப்பாவாடைக் குழந்தைகள் முதல் படிக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்று ஏற்கெனவே ஒரு கிளிப் பொம்மையைக் கையில் எடுத்திருந்தது. நான் ஆண் மரப்பாச்சிக்குப் பக்கத்தில் பாட்டிலை அப்படியே வைத்தேன், மூடி திறக்காமல்.

நாத்தனார் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூட்டத்தின் முன்னால் என்னை மட்டம் தட்ட அவருக்கு இருந்தது ஒரே வழி. சிரித்துக்கொண்டே கேட்டார்:

"வந்ததுதான் வந்தே. ஒரு பாட்டு பாடேன்."

வழக்கமான சிரிப்பு எழுந்தது. நான் பாட்டிலைத் திரும்பக் கையில் எடுத்தேன்.

"பாட்டு வராதுக்கா. சொல்ல ஒண்ணு இருக்கு, சொல்றேன். இந்தப் பாவாடை மேல இருக்கறது எம்பொண்ணோட பல்லு. இந்தச் சிவப்புல ஈயம் இருக்கு. அது அவ ரத்தத்துல போய், வந்த பேச்சை நிறுத்திடுச்சு. இந்தப் படியில இருக்கற எல்லாத்துலயும் அதே பெயிண்ட்தான். உரியறது கண்ணுக்கே தெரியுது. உங்க குழந்தைங்கள தொட விடாதீங்க. வீட்டுல போய் உங்க பொம்மைங்களையும் பாருங்க."

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது" என்றார் ஒரு மாமி. "பேட்டரிக் கடைப் பக்கத்துல வேலை பண்ணிண்டு, பழியைப் பொம்மை மேல போடறா" என்றார் நாத்தனார்.  நான் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை.

அந்த நேரத்தில் ஆண்கள் கூடத்துப் பக்கம் வருவதில்லை. வாசற்படியில் என் கணவர் நின்றிருந்தார். அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"அவ சொல்றது நெஜம்" என்றார். "இதுக்குக் கலர் அடிச்சது நான். கடிக்கக் குடுத்ததும் நான்தான். என் ரத்தத்துலயும் இருக்கு. அக்கா, போறும்."

 கிளியை வைத்திருந்த குழந்தையின் அம்மா எழுந்தாள். பொம்மையை மெதுவாக வாங்கிப் படியில் வைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கக் குழாய்க்குப் போனாள். பின்னாலேயே இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் குழாயடியில் பட்டுப்பாவாடைகள் வரிசையாக நின்று கை கழுவிக்கொண்டிருந்தன. அன்றைக்கு அந்தக் கூடத்தில் வேறு யாரும் பாடவில்லை.

நாத்தனார் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் என் கையில் வெற்றிலை பாக்கை வைத்தார், முகத்தைப் பார்க்காமல். மறுநாள் படிகளுக்கு முன்னால் குழந்தைகள் கிட்டே போக முடியாதபடி ஒரு பெஞ்சு போட்டிருந்தது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.

மகளுக்கு ஈயம் குறைந்துகொண்டு வருகிறது, மெதுவாக. பேச்சு திரும்பிவிட்டது. இப்போது வாயை மூட வைப்பதுதான் பாடு. பாதி என்னைப் போல, பாதி அவள் அப்பாவைப் போல, "ஆத்துல", "வீட்ல" என்று கலந்துகட்டிப் பேசுகிறாள். எவ்வளவு போனது, அதில் எவ்வளவு திரும்பியது என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அது எங்களுக்குத் தெரியப்போவதே இல்லை. இதற்காக நான் யாரையும் மன்னிக்கத் தயாராக இல்லை. அந்த பெயிண்ட்டை டப்பாவில் அடைத்து விற்றவர்களை நிச்சயமாக இல்லை.

பாட்டில் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த நவராத்திரிக்கும் மாடிப்படி இறங்கி அதைக் கொண்டுபோவேன். கீழே மட்டுமில்லை, எந்த வீட்டில் கொலுவுக்குக் கூப்பிட்டாலும் பையில் அதுவும் வரும். ஒரு பாட்டு பாடேன் என்பார்கள்.

பாடுவேன்.