கோழிக்கு இடம் இருந்த போட்

இது இப்படித்தான் வந்து முடியும்னு நான் 2005லயே சொன்னேன். நான் சொன்னதைக் கேட்டு சிரிச்சவங்கள்ல முதல் ஆள் செந்தில்.

அதே செந்தில் நேத்து நம்ம பழைய நியூ ஜெர்சி க்ரூப்ல எழுதியிருக்கான். "மஸ்கி ஃபிஷிங்குக்கு லேடீஸ் நிறைய வரணும். அதுக்கு நாம என்ன பண்ணலாம்? ஐடியா ப்ளீஸ்." கீழே வரிசையா கைதட்டல். ஆள் இப்போ இருக்கிறது சான் ரமோன். மஸ்கியே இல்லாத ஊர்ல உக்காந்துக்கிட்டு ஐடியா கேக்கறான்.

படிச்சதுல இருந்து எனக்கு டீ உள்ள இறங்கலை...

அந்த ஏரிக்கரை வாசனை இன்னும் மூக்குல நிக்குது. கரி அடுப்புப் புகை, சன்ஸ்க்ரீன், எலுமிச்சை பிழிஞ்ச பொரிச்ச கோழி. ஜெர்சிக்கு வடக்கோரம் ஒரு ஏரி. பாதி நம்ம ஸ்டேட், பாதி நியூயார்க். நான் ஜெர்சிப் பக்கம் நின்னு தூண்டிலை வீசினா நியூயார்க்ல போய் விழும். பார்த்தவங்க இருக்காங்க.

அப்போ ஜர்னல் ஸ்கொயர் பக்கத்துல எனக்கு மளிகைக் கடை. செந்தில் ஈரோட்டுக்காரன், பேங்க்ல ஐடி கான்ட்ராக்டர். அவன் ஆபீஸ்காரங்க ரெண்டு பேரு. படிச்சவங்க மூணு பேரோட பத்தாங்கிளாஸ்ல நின்ன நான் ஒருத்தன். ஆனா நான் நாகூர். மீன் என்ன நினைக்குதுன்னு எனக்குத் தெரியும்.

மஸ்கி தெரியாதவங்களுக்குச் சொல்றேன். வாத்து மூக்கு, நாய்ப் பல்லு, சின்னப் பிள்ளை உயரம். நாள் பூரா வீசினாலும் வராது. வந்தாலும் அளந்து பார்த்துட்டுத் தண்ணியிலயே விட்டுடணும்.

"குழம்புக்கு ஆகாத மீனுக்கா இவ்வளவு பாடு?"ன்னு முதல் வருஷம் கேட்டவ என் வீட்டுக்காரி ஜரீனா. ரெண்டாவது வருஷம் அவளே பார்க்கிங் லாட்ல நின்னு வீசிப் பழகினா. நூல் முனையில என் கடைப் பூட்டு, குறிக்குத் துணிக்கூடை. பூட்டு கூடையில விழற சத்தத்துக்கு மேல்மாடி ஆன்ட்டி ஜன்னலைச் சாத்துவாங்க.

ஆம்பளைங்க போட்ல போவோம். லேடீஸ் கரையில கோழிக்கு மசாலா தடவுவாங்க. யாரும் போடாத சட்டம், யாரும் மீறலை.

2005 ஜூன்ல ஒரு சனிக்கிழமை ஜரீனா வீட்லயே லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டா. கராஜ் சேல்ல பழசா வாங்கின ஆரஞ்சு ஜாக்கெட். அதோடயே கார்ல உக்காந்து வந்தா. டோல் பூத் அம்மா அவளைப் பார்த்துட்டு என்கிட்ட கேட்டுச்சு, உனக்குக் கார் ஓட்ட வருமா வராதான்னு.

வாடகை போட். அஞ்சு பேரு உக்காரலாம். நாங்க நாலு பேரு ஏறியாச்சு. ஜரீனா ஃபிஷிங் லைசென்ஸை ஜாக்கெட்ல குத்திக்கிட்டு வந்து நின்னா.

"இடம் இல்லீங்களே அக்கா" - செந்தில்.

"அது என்ன தம்பி?" - அஞ்சாவது இடத்தைக் காட்டி ஜரீனா.

"அது கூலருங்க. ஐஸ் போட்ட சாப்பாட்டுப் பெட்டி."

"நான் பொரிச்ச கோழிக்கு இடம் இருக்கு. எனக்கு இல்லையா?"

"அப்படி இல்லீங்க... மஸ்கிக்குப் பொறுமை வேணும். லேடீஸ்க்கு அரை மணி நேரத்துல போர் அடிச்சிரும்."

"ரெண்டு வருஷமா கரையில உக்காந்து உங்களையே பார்த்துக்கிட்டிருக்கேன். அதைவிடவா போர் அடிக்கும்?"

"பாய், நீங்க சொல்லுங்க பாய்."

பாய் சொன்னேன். நான் போட்ட சத்தத்துல நியூயார்க் பக்கத்து வாத்தெல்லாம் எழுந்து கனடாவுக்கே போயிடுச்சு. கூலரைத் தூக்கிக் கரையில வச்சேன். "எழுதி வச்சுக்குங்கடா, ஒரு நாள் நீங்களே பொம்பளைங்களை வாங்க வாங்கன்னு கூப்பிடுவீங்க"ன்னேன். சிரிச்சானுங்க.

ஜரீனா அஞ்சாவது இடத்துல உக்காந்தா. வெயில் ஏறினப்புறம் அவ தூண்டிலுக்குப் பின்னாலயே ஒரு நீள நிழல் வந்துச்சு. போட் ஓரம் வரைக்கும் தொடர்ந்து வர்ற மீனுக்குத் தூண்டில் கம்பு முனையைத் தண்ணிக்குள்ள விட்டு எட்டு மாதிரி சுத்திக் காட்டணும். செந்தில் வாயைத் திறக்கறதுக்குள்ள அவ எட்டு போட்டுட்டா. கவ்விச்சு பாருங்க... போட்டே ஒரு பக்கம் சாஞ்சு போச்சு. என் நெஞ்சு உயரத்துக்கு மீன். அளந்தோம், விட்டோம். போட்டோ கேக்காதீங்க. கேமரா கூலர் மேல, கூலர் கரையில.

அடுத்த மாசம் செந்தில் என்ன பண்ணினான் தெரியுமா? நாலே பேரு உக்கார்ற போட்டை புக் பண்ணிட்டான். "சின்ன போட்தான் கிடைச்சுது அக்கா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். பக்கத்துலயே பெரிய போட் சும்மா கட்டிக் கிடந்துச்சு. ஜரீனா போட்ல ஏறப் போன என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காம ஜாக்கெட்டைக் கழட்டி மடிச்சு, டிக்கியில வச்சா. அந்த மடிப்பை இப்ப நினைச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. அன்னையோட அந்த செட்டை விட்டேன். நாங்க ரெண்டு பேரும் தனியா போட் எடுத்தோம்.

போன கோடையிலயும் போயிருந்தோம். ரெண்டு தமிழ்ப் பொண்ணுங்க சொந்த போட்டை இறக்கிக்கிட்டிருந்தாங்க. "அங்கிள், கேன் யூ மூவ் யுவர் கூலர்?" நகர்த்தினேன். ஜரீனாவுக்கு இப்போ தோள் வலி, முன்ன மாதிரி வீச முடியறதில்லை. அதுங்க போறதையே பார்த்துக்கிட்டு நின்னா...

செந்தில், உனக்கு ஐடியாதானே வேணும்? கூலரை இறக்கி வை. அவ்வளவுதான்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், இல்லைன்னா அவனே கீழே வந்து எழுதுவான். அந்த மீன் கவ்வலை. போட் வரைக்கும் வந்துச்சு, எட்டைப் பார்த்துச்சு, போயிடுச்சு. மீதியெல்லாம் நெசம். மீனைப் புடிச்சாத்தான் பொம்பளைக்குப் போட்ல இடம்னா, மூணு வருஷமா வெறுங்கையோட திரும்பின நாங்க நாலு பேரும் நீந்தித்தான் கரைக்கு வந்திருக்கணும்.