தோளுக்குப் பின்னால் தாடை

இடது கையைத் துண்டால் கழுத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஆட்டையாம்பட்டியிலிருந்து தெற்கே போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பின்னால் திருவிழாத் திடலின் ஒலிபெருக்கி இன்னும் கேட்டது. மூன்று சுற்று, எங்கள் ஆளைக் கீழே சாய்ப்பவருக்கு எவர்சில்வர் குடம் என்று குத்துச்சண்டைக் கூடாரத்து முதலாளி கத்திக்கொண்டிருந்தார். எங்கள் ஆள் என்று அவர் அதுவரை சொல்லிவந்தது என்னைத்தான். இப்போது யாரை நிறுத்தியிருந்தார் என்று தெரியவில்லை. கால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் தோளில் உடைந்த எலும்பின் முனைகள் உரசுவது காதுக்குள் கேட்டது.

அந்தத் தோள்தான் எனக்கு இரண்டு வருடமாகச் சோறு போட்டது.

சேலம் அஸ்தம்பட்டியில் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டு ஓடியவன் நான். எழுபதுகளின் நடுவில் ஜோலார்பேட்டையில் ஒரு ஓட்டலில் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் சில இளைஞர்கள் கோணிமூட்டையைத் தொங்கவிட்டுக் குத்துச்சண்டை பழகுவார்கள். அவர்களில் என் வயதுக்காரன் ஒருவனுக்கு எதிரே நிறுத்தி அடிக்க ஆள் வேண்டியிருந்தது. எனக்கு மாலையில் ரொட்டி வேண்டியிருந்தது. அவன் எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை. அடித்தான். அடி வாங்காமல் இருக்க வழி தேடி, அவன் நிற்பதைப் பார்த்து நானும் அப்படியே நின்று பார்த்தேன்.

முதலில் இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் கதவு சாத்தியதுபோல நிறுத்தினேன். பயந்தவன் யாரும் அப்படித்தான் நிற்பான். அதில் எதிரே இருப்பவன் தெரியமாட்டான். விலாவில் ஒன்று விழுந்ததும் கைகள் தாமாகக் கீழே இறங்கும், அடுத்தது மூக்கில் விழும். அவன் நின்ற விதம் வேறு. இடது கால் முன்னால், உடம்பு பக்கவாட்டில். இடது கை வயிற்றின் குறுக்கே தாழ்ந்து கிடக்கும். வலது உள்ளங்கை கன்னத்தோரம் இருக்கும். தாடை இடது தோளுக்குப் பின்னால் புதைந்திருக்கும். எதிராளியின் வலது கை வரும்போது தோளைச் சற்று உயர்த்தி, இடுப்பிலிருந்து வலப்பக்கம் திரும்பிவிடுவான். குத்து தோள் சதையில் பட்டு வழுக்கிப் போகும். தோளை மட்டும் தூக்கினால் போதாது, இடுப்பு திரும்பாவிட்டால் முழு அடியும் உள்ளே இறங்கிவிடும். இடது கை வந்தால் வலது உள்ளங்கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். விலாவுக்கு வருவதற்கு முழங்கை. கண்ணை மூடக்கூடாது. எதிராளியின் கையைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்க வேண்டும். கை கிளம்புவதற்கு முன்பே நெஞ்சு கிளம்பிவிடும்.

இதைக் கற்றுக்கொள்ள ஒரு பல் போயிற்று. பிறகு அவன் அடிப்பதில் பாதி என்மேல் படவில்லை. அவன் அலுத்துப்போய் வேறு ஆளைத் தேடிக்கொண்டான். ரொட்டியும் நின்றது.

கூடாரத்து முதலாளி ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். திருவிழாக்களுக்கு ராட்டினக்காரர்களோடு சேர்ந்து போவார். அவருக்கு நான் வாய்த்தது என் தோளுக்காகத்தான். முந்தின வருடம் நாமக்கல் பக்கத்தில் ஒரு பண்ணைக்காரர் மகனின் உதட்டை, எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவன் கிழித்துவிட்டான். சொந்தக்காரர்கள் வந்து கூடாரக் கயிறுகளை அறுத்தார்கள். அவனை வரப்பில் போட்டு மிதித்தார்கள். என்னைச் சேர்த்துக்கொண்ட அன்று முதலாளி ஒரே ஒரு சட்டம் சொன்னார்.

"ஊர்க்காரன் மேல கை வைக்கக் கூடாது. அவன் உன்ன இன்னா வேணா பண்ணட்டும். மூணு சுத்து நீ நின்னாப் போதும்."

ஆகவே அடிப்பது என் வேலை இல்லை. நிற்பதுதான் வேலை. கையைக் கதவாக வைத்து நின்றால் கூட்டத்துக்கு முகம் தெரியாது, கலைந்துவிடும் என்றார். தோளுக்குப் பின்னால் தாடையை வைத்தால் கண்ணும் நெற்றியும் தெரியும், அடிக்க வருபவனுக்கு ஆசையும் விடாது. லாரி கிளீனர்கள் வந்தார்கள், தறிக்காரர்கள் வந்தார்கள், சலவைச் சட்டையோடு பண்ணை வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். எல்லோரும் கையைப் பக்கவாட்டில் வீசுவார்கள். பட்டு வழுக்கிப் போகும். வேடிக்கை பார்ப்பவர்களுக்குத்தான் பொறுக்காது.

"ஏனப்பா, புதுப்பொண்ணாட்டம் தோளுக்குள்ள மூஞ்சிய ஒளிச்சுக்கறே. தாலி கட்டோணுமா?"

சிரிப்பார்கள். நானும் சில சமயம் சிரிப்பேன்.

அன்று மதியம் வந்தவன் குள்ளம். புருவத்தில் கல்தூசி. மேடையில் ஏறுவதற்கு முன் முதலாளியிடம், "குடத்த ஒருக்கா வாங்கிப் பாத்துக்கலாமுங்களா?" என்று கேட்டான். வாங்கி, அடிப்பக்கத்தைச் சுண்டிப் பார்த்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான்.

"எங்க ஊட்டுல மண்கொடமுங்க. தண்ணிக்கு அம்மாந் தூரம் போவோணும். ஊட்டுக்காரி போட்டுப் போட்டு ஒடைக்கறா."

மழை இல்லாத வருடம் அது. சுற்றுவட்டாரக் கிணறுகளையெல்லாம் ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவன் அப்படியொரு கிணற்றில் சம்மட்டி அடிப்பவன் என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் சுற்றில் அவன் அடிக்கவே இல்லை. என் தோளைப் பார்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான். இரண்டாவது சுற்றில் பஞ்சு இறங்கிப்போன உறை மாட்டிய வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினான். குத்துச்சண்டையில் யாரும் அப்படிக் கையைத் தூக்குவதில்லை. நான் பழகிய எல்லாம் நேராகவோ பக்கவாட்டிலோ வரும் அடிக்கு. மேலிருந்து இறங்கும் அடிக்கு இடுப்பைத் திருப்பி என்ன பயன்? பழக்கத்தில் நான் தூக்கிய தோள் அவன் கைக்கு எதிரே போய் நின்றது. முதல் அடியில் கை மரத்தது. இரண்டாவது, அதே இடத்தில். அவனுடைய நெஞ்சு கிளம்புவது தெரிந்தும் என் தோள் மறுபடி மேலே போயிற்று. மூன்றாவதும் அதே இடத்தில் விழுந்தது. காறை எலும்பு சோளத்தட்டைபோல முறிந்தது.

நான் விழவில்லை. மணி அடித்தார்கள்.

மூலையில் முதலாளி தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். "விழுந்தியானா குடம் போச்சு. குடம் போனா நீயும் போயிடு."

மூன்றாவது சுற்றுக்கு நிலையை மாற்றி வலது தோளை முன்னால் வைத்தேன். பழக்கமில்லாததால் கால்கள் பின்னிக்கொண்டன. கூட்டத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அந்தப் பக்கம் போ, அந்தத் தோள்லயே போடு" என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. அவன் கிட்டே வந்து மெதுவாகச் சொன்னான்.

"உழுந்துருங்கண்ணா."

"முடியாதுங்க."

"எனக்குக் கொடம் வேணுமுங்க."

"எனக்குச் சோறு வேணும்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு வலது தோளில் அடித்தான். மேலிருந்துதான். ஆனால் உடையாத பக்கம் மட்டும். நான் கயிற்றில் சாய்ந்துகொண்டு மணிவரை நின்றேன். குடம் முதலாளியிடமே தங்கியது.

கூடாரத்துக்குப் பின்னால் அவர் என் தோளைத் தொட்டுப் பார்த்தார். எலும்பு தோலை முட்டிக்கொண்டு நின்றது.

"நிக்கச் சொன்னீங்க. நின்னேன்" என்றேன்.

"நாளைக்கு நிப்பியா? தோளு இல்லாத உன்ன வச்சிக்கிட்டு நான் இன்னா பூசையா பண்றது?"

சட்டையைச் சுருட்டிக் கொடுத்தார். அதற்குள் என்னை அடித்தவன் வந்து சற்றுத் தள்ளி நின்றிருந்தான்.

"எலும்பு போயிருச்சுங்களா?"

"போயிருச்சு."

"உடைஞ்ச பக்கமே அடிச்சிருந்தா உழுந்திருப்பீங்க."

"ஏன் அடிக்கலை?"

"உடைஞ்ச கல்ல மறுக்கா அடிச்சா எங்க தெறிக்கும்னு தெரியாதுங்க." தெற்கே போகும் சாலையைக் காட்டினான். "போற வழியில கட்டுப் போடறவரு ஒருத்தர் இருக்கறாரு. அப்பறம் எங்க கெணத்துக்கு வாங்க. ஒத்தக்கையில செய்யற வேல ஒண்ணு இருக்குது."

இடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். கோபப்பட எனக்குத் தோன்றவில்லை. ஒற்றைக் கைக்கு வேலை என்று வேறு யாரும் சொல்லவும் இல்லை. அதனால்தான் அந்தச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன்.

கட்டுப் போடுகிறவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டு வந்து எலும்பை விரலால் தடவினார்.

"எங்க உழுந்தீங்க?"

"விழலைங்க. முதல் அடியிலேயே விழுந்திருந்தா எலும்பு தப்பிச்சிருக்கும்."

"இதென்ன புதுக் கதையா இருக்குது" என்று சொல்லிக்கொண்டே எலும்பை இழுத்துச் சேர்த்தார். கண்ணில் இருட்டு வந்து போயிற்று. உளுந்து மாவில் முட்டை வெள்ளையைக் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்.

"தோள் பழையபடி மேல வருமுங்களா?" என்று கேட்டேன்.

"கூடிக்கும். மேடு ஒண்ணு நிக்கும். கையி காதுக்கு மேல போவாது சாமி. எதுக்கு, மரம் ஏறப் போறீங்களா?"

இல்லை என்றேன். அவர் வீட்டில் கம்பங்களி கொடுத்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்து நடையில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். படுக்க முடியவில்லை.

காலையில் கிணற்றுக்குப் போனபோது டீசல் கிரேன் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மேலே நின்று சம்மட்டிக்குக் காம்பு இறுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"கட்டு நல்லாப் போட்டிருக்கறாரு. வாங்க."

கல் அள்ளும் இரும்புத் தொட்டியில் இருவரையும் இறக்கினார்கள். கீழே ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் சேறு. மற்றதெல்லாம் கரும்பாறை. வேலையை அவன் காட்டினான். வெடி வைக்கப் பாறையில் துளை போட வேண்டும். ஒருவன் உட்கார்ந்து இரும்புக் கம்பியை நிறுத்திப் பிடித்து, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்க வேண்டும். மற்றவன் நின்றுகொண்டு சம்மட்டியால் கம்பியின் தலையில் அடிப்பான்.

"முன்னாடி யார் பிடிச்சாங்க?"

"என்ற மச்சினனுங்க."

"இப்ப எங்க?"

"சேலம் ஆஸ்பத்திரியில. கையி மேல சம்மட்டி உழுந்துருச்சு."

"யார் அடிச்சது?"

"நாந்தானுங்க." தன் ஊர்ப் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னான். "அடி வாரப்ப பயந்து அசைஞ்சுட்டான். அசையாம இருந்தா ஒண்ணும் ஆவாது."

அடி வரும்போது அசைவது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த தொழில். அதை அவனிடம் சொல்லவில்லை. முந்தின நாள் மூன்று அடியும் ஒரே இடத்தில் விழுந்ததை நினைத்துக்கொண்டேன். அந்தக் கிணற்றில் நம்புவதற்கு எனக்கு அது மட்டும்தான் இருந்தது. பாறைமேல் உட்கார்ந்து, வலது கையால் கம்பியைப் பிடித்தேன். அவன் காலை அகட்டி நின்று சம்மட்டியைத் தலைக்கு மேலே தூக்கினான். அவன் நெஞ்சு கிளம்பியதும் என் தாடை தானாக இடது தோளை நோக்கிக் குனிந்தது. கட்டுக்குள் தோள் உயர்ந்து எலும்பு சுரீரென்றது.

அவன் சம்மட்டியை மேலேயே நிறுத்திக்கொண்டான்.

"தோள எறக்குங்கண்ணா. குறுக்க வருது."

தோளை இறக்கினேன். முகத்தை வெளியே எடுத்துவைத்தேன். சம்மட்டி காதோரம் இறங்கிக் கம்பியின் தலையில் விழுந்தது. கம்பியைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தேன். அவன் மறுபடி ஓங்கினான்.