ஐந்து கால் நடை

இசக்கிசெல்வி கரப்பான்பூச்சிகளின் காலை வெட்டும் வேலைக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. தண்டலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் மூன்றாவது மாடியில் அந்த ஆய்வுக்கூடம். இயந்திரங்களுக்கு அடியிலும் குழாய்களுக்குள்ளும் நுழைந்து படம் எடுத்து வர, ஆறு காலில் நடக்கும் சின்ன ரோபோ ஒன்றை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். வழியில் ஒரு கால் உடைந்தாலும் அது நிற்காமல் திரும்பி வர வேண்டும். அந்த வித்தை கரப்பானுக்குத் தெரியும்.

பூச்சியை ஐஸ் மேல் ஐந்து நிமிடம் வைத்தால் மரத்துப்போகும். செல்வி சின்னக் கத்தரியால் ஒரு காலை எடுப்பாள். விழித்ததும் கண்ணாடிப் பாதையில் விடுவாள். மேலே கேமரா. முதல் நாலைந்து அடிக்கு ஒரு பக்கமாகச் சாயும். பிறகு மீதி ஐந்து கால்களையும் வேறு வரிசையில் எடுத்து வைத்து நேராக ஓடும். அப்படி எடுத்த ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பார்த்துக் கணினி அந்த நடையைப் படித்தது.

“கஷ்டமா இல்லையா செல்வி உனக்கு?” என்று ஆய்வாளர் ரஞ்சனி முதல் வாரத்தில் கேட்டார்.

“இல்ல மேடம்.”

உண்மையாகவே இல்லை. அவளுக்கு எதுவுமே அப்படித்தான் இருந்தது. இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. பூச்சியைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொள்வாள். ரஞ்சனி அதைப் பார்த்திருந்தார், கேட்டதில்லை.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் இயந்திரம் ஓட்டினாள். கை உள்ளே போனால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சாரை, விரல்கள் போன அன்றைக்கு அணைத்து வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு தாளை நீட்டினார்கள். தன் கவனக்குறைவால் நடந்தது என்று அதில் இருந்தது. வலது கையால் கையெழுத்துப் போட்டாள்.

ஆகஸ்டில் ரோபோவைப் பார்க்க அதே கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் எல்லப்பன், அவளுடைய பழைய சூப்பர்வைசர். இன்னொருத்தி சுகப்பிரியா, பாதுகாப்பு அதிகாரியாகப் புதிதாகச் சேர்ந்தவள்.

“நீங்களே ஒரு காலைக் கழட்டுங்க சார்” என்றார் ரஞ்சனி.

எல்லப்பன் சிரித்துக்கொண்டே நடுக்கால் ஒன்றைப் பிடுங்கினார். ரோபோ சாய்ந்தது, சுற்றியது, ஒன்றரை நிமிடம் தடுமாறியது. பிறகு மேசையின் மறுமுனைக்கு நேராக நடந்தது.

“சூப்பர்மா! காலு போனாலும் வேலை நிக்காது, இன்னா?” என்று திரும்பியவர் அப்போதுதான் செல்வியைப் பார்த்தார். “ஏய், நீ நம்ம செல்விதானே? இங்கியா கீற? கை இப்போ எப்டி கீது?”

“அப்படியேதான் சார் இருக்கு.” மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோலத் தொடர்ந்தாள். “சென்சார ஆஃப் பண்ணச் சொன்னது நீங்கதான சார். ஷிப்ட் முடியதுக்குள்ள அத்தன பீஸும் அடிச்சு முடிக்கணும்னு.”

எல்லப்பன் ரஞ்சனியைப் பார்த்தார். “பழைய கதைமா அது. ரிப்போர்ட்டே வேற மாதிரி கீது.”

“எந்த பிரஸ்?” என்று கேட்டாள் சுகப்பிரியா.

“நாலாம் நம்பர்.”

சுகப்பிரியா போனில் குறித்துக்கொண்டாள். வந்திருந்த டீயை யாரும் குடிக்கவில்லை.

அவர்கள் போன பிறகு ரஞ்சனி, “ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?” என்றார்.

“நீங்க கேக்கலயே மேடம்.”

“இனிமே வெட்டுற வேலைய வேற யாருக்காவது கொடுக்கட்டுமா?”

“வேண்டாம். மத்தவங்களுக்குக் கணு பாத்து வெட்டத் தெரியாது.”

பத்து நாள் கழித்து சுகப்பிரியா போன் செய்தாள். நாலு, ஆறு, ஏழு என்று மூன்று பிரஸ்ஸிலும் சென்சார் அணைந்தே இருந்ததாம்; இப்போது மறுபடி போட்டுவிட்டார்களாம். எல்லப்பன் மேல் விசாரணை. நடந்ததை எழுதித் தர முடியுமா என்று கேட்டாள்.

சனிக்கிழமை செல்வி ஒரகடத்தில் கம்பெனி ஆபீசுக்குப் போனாள். ஒன்றரைப் பக்கம் எழுதினாள். இந்த முறை இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். கண்ணாடிக்கு அப்பால் பிரஸ் விழும் சத்தம் கேட்டது. உடம்பு நடுங்குமோ என்று காத்திருந்தாள். நடுங்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் நின்று ஊரிலிருக்கும் அக்கா சொர்ணத்துக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

“அழுதியாட்டி?” என்றாள் அக்கா.

“இல்லக்கா.”

“அழுதிருக்கலாம்லா.”

“வரலக்கா. பசிக்கி. சாப்பிட்டுட்டுப் பேசுதேன்.”

எதிர்க்கடையில் தக்காளிச் சாதம்தான் மிச்சம் இருந்தது. வாங்கி, நின்றபடியே முழுவதையும் சாப்பிட்டாள்.